வைத்தியரின் கண் – 9: கண்ணாடியும் காற்றும் இடம் மாறிய வரலாறு

வியன்னா நகரத்து வைத்தியர் சங்கத்தின் முன்னிலையில், 1879-ஆம் ஆண்டு, மாக்ஸ் நிட்சே என்ற இளம் வைத்தியர், யோசெஃப் லைட்டர் என்னும் கருவி வினைஞரின் துணைகொண்டு தாம் அமைத்த சிஸ்டோஸ்கோப்பைக் காட்டியதோடு சென்ற அத்தியாயம் முடிவுற்றது. மூத்திரப்பையின் உட்புறத்தை உயிருள்ள மனிதனிடத்தே கண்ணால் காண்பதற்கு உதவிய அந்த உலோகக் குழாயினுள்ளே சிறு சிறு லென்ஸுகள் இடைவெளி விட்டு வரிசையாக நின்றன. முதல் லென்ஸ் உண்டாக்கிய பிரதிபிம்பத்தை அடுத்தது ஏற்று, அதனை அதற்கடுத்ததற்கு ஒப்படைக்க, இவ்வாறு கைமாறிக் கைமாறி உறுப்பின் உருவம் வைத்தியரின் கண்ணை வந்தடைந்தது. எடிசனின் மின்விளக்கு வந்த பிறகு குழாயின் நுனியில் இருந்த பிளாட்டினக் கம்பிக்குப் பதிலாகச் சிறிய பல்பு ஒன்று இடம் பெற்றது என்பதைத் தவிர, ஏறக்குறைய எண்பது ஆண்டுக் காலம் அந்த அமைப்பு அடிப்படையில் மாறவே இல்லை. ரோண்ட்கென் எக்ஸ் கதிரைக் கண்டதும், பெனிசிலின் பிறந்ததும், அணுவைப் பிளந்ததும் அந்த எண்பது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தவையே. ஆயினும், அத்தகைய யுகத்தில் வாழ்ந்த மூத்திரநோய் வைத்தியர், தம் பாட்டனார் காலத்து வைத்தியர் கண்ட அதே மங்கலான வட்டத்தையே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மங்கலை அகற்றியவர் வைத்தியர் அல்லர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒளியியல் கற்பித்து, பின்னர் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பிரயோக ஒளியியல் பேராசிரியராக விளங்கிய ஹரால்ட் ஹாப்கின்ஸ் என்பவரே அவர். ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான இரண்டு மார்க்கங்களில் மனித தேகத்தினுள் பார்வையைச் செலுத்தும் வழியை வகுத்தவர் அவர். அவற்றுள் புகழ் முழுவதும் ஒன்றற்கே போயிற்று. மற்றொன்றே மேலானது என்பது என் அபிப்பிராயம்.

1918-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியொன்றில் ஹாப்கின்ஸ் பிறந்தார். உதவிச் சம்பளம் பெற்று உயர்தரப் பாடசாலையில் பயின்று, தம் ஊரிலேயே இருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறிய அவர், அதே நகரில் லென்ஸ் செய்வதற்குப் பேர்பெற்ற டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்ஸன் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். லென்ஸ் வரைவது அக்காலத்தில் பெரும் பொறுமையை வேண்டிய காரியம். ஒளிக்கிரணம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் எவ்வளவு வளைகின்றது என்பதைக் கையால் சுழற்றும் கணிதப் பொறியில் இலக்கம் இலக்கமாகக் கணக்கிட்டு, முடிவில் பிரதிபிம்பம் கூர்மையாக அமையாவிடில் பரப்பொன்றின் வளைவைச் சிறிது மாற்றி மறுபடியும் தொடக்கத்திலிருந்தே கணக்கிட வேண்டும். அந்த உழைப்பினூடே, ஒளியை நேர்க்கோடாக மட்டும் கருதாமல் அலையாகவும் கருதி, லென்ஸின் குறைகளை அளக்கும் முறையை ஹாப்கின்ஸ் வகுத்துக்கொண்டார்; 1950-இல் அவர் வெளியிட்ட நூல், அத்துறையில் பயில்வோர்க்கு நெடுங்காலம் ஆதார நூலாக நின்றது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, பி.பி.சி. நிறுவனத்தின் தொலைக்காட்சிக் காமிராவுக்கு ஜூம் லென்ஸ் ஒன்றை வரைந்து தந்து, லென்ஸை மாற்றாமலே தூரக் காட்சியை அண்மைக் காட்சியாக்கும் வித்தையை அவர் நடைமுறைக்குக் கொணர்ந்திருந்தார்.

இத்தகைய மனிதர் 1951-ஆம் ஆண்டு ஒரு விருந்தில் லண்டன் செயிண்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஹ்யூ கெய்ன்ஸ்பரோ என்ற வைத்தியருடன் பேச நேர்ந்தது. இரைப்பை நோய்களில் வல்லவரான கெய்ன்ஸ்பரோ, இரைப்பையினுள் பார்க்கத் தம் கையில் இருந்த காஸ்ட்ரோஸ்கோப் என்னும் கருவியைப் பற்றி மனம் நொந்து குறைபட்டுக்கொண்டார். அவர் கூறியதில் நியாயம் இருந்தது. 1868-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குஸ்மௌல் என்ற வைத்தியர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைக் கொண்டு நேரான குழாயை இரைப்பை வரையில் இறக்கிக் காட்டிய நாள் தொட்டு, இரைப்பைக்குள் பார்க்க விரும்பிய வைத்தியர் யாவரும் நோயாளியை வாள் விழுங்கியைப் போலத் தலையைப் பின்னே சாய்க்கச் செய்தே பார்க்க வேண்டியிருந்தது. 1932-இல் ருடால்ஃப் ஷிண்ட்லர், பெர்லின் கருவி வினைஞரான கேயார்க் வோல்ஃபுடன் சேர்ந்து, முன்பாகம் சற்றே வளையக்கூடிய கருவி ஒன்றைச் செய்து அந்த வேதனையை ஓரளவு தணித்தார். எனினும் அந்த வளைவு சொற்பம். இரைப்பையில் கருவியின் பார்வைக்கு எட்டாத மூலைகள் பல இருந்தன. அந்த மூலைகளில் புண்ணோ புற்றோ ஒளிந்திருப்பின், வைத்தியர் ஊகத்தைக் கொண்டே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. நோயாளிக்கோ தொண்டை முதல் வயிறு வரை வேதனை. சிறிது அசைந்தால் உறுப்பு துளைபட்டுவிடும் அபாயம்.

ஹாப்கின்ஸ் அந்தக் குறையைக் கேட்டு அநுதாபம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ, வளைந்த பாதையில் பிரதிபிம்பத்தைக் கொண்டு செல்ல லென்ஸால் ஆகாதென்றால் வேறு எதனால் ஆகும் என்று சிந்திக்கலானார். ஒளியை வளைவான வழியில் செலுத்தலாம் என்பது புதிய சங்கதியன்று. 1841-இல் ஜெனீவா நகரப் பேராசிரியர் டானியேல் கொலாடோன், தொட்டியிலிருந்து வளைந்து பாயும் நீர்த்தாரைக்குள் ஒளி அடைபட்டுத் தாரையோடு கூடவே வளைந்து செல்வதைக் காட்டியிருந்தார். அடர்த்தி மிக்க ஊடகத்திலிருந்து அடர்த்தி குறைந்த ஊடகத்தின் எல்லையைச் சாய்வாக அடையும் கிரணம், வெளியேற வழியின்றி முழுவதுமாக உள்ளேயே பிரதிபலிக்கப்படுகின்றது என்பது அதன் தத்துவம். மெல்லிய கண்ணாடி இழையிலும் இதுவே நிகழும். இழை ஒவ்வொன்றும் காட்சியின் ஒரு புள்ளியை மட்டுமே சுமக்கும் என்றாலும், ஆயிரக்கணக்கான இழைகளைக் கற்றையாக்கினால் புள்ளிகள் கூடி ஒரு முழு உருவமாகும் என்று ஹாப்கின்ஸ் கருதினார்.

இந்த எண்ணம் அவருக்கு முன்னரே ஒருவருக்கு உதித்திருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது தர்மம் ஆகாது. 1930-இல் ம்யூனிக் நகரில் வைத்திய மாணவராக இருந்த ஹைன்ரிக் லாம், சிறு கற்றை ஒன்றின் வழியே மின்விளக்கினுள் ஒளிரும் இழையின் உருவத்தைக் கடத்திக் காட்டினார்; அவ்வுருவம் மிகவும் மங்கலாக இருந்தது. யூதரான லாம் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர நேர்ந்து, டெக்ஸாஸ் மாநிலத்தில் அறுவை வைத்தியராக வாழ்ந்தார். அந்தச் சோதனை அத்துடன் மறக்கப்பட்டது.

ராயல் சொஸைட்டி அளித்த பொருளுதவியைக் கொண்டு ஹாப்கின்ஸ் தமக்கு ஓர் ஆராய்ச்சி மாணவரை 1952-இல் அமர்த்திக்கொண்டார். அவர் பஞ்சாப் மாகாணத்து மோகா என்னும் ஊரில் பிறந்து, ஆக்ராவில் பயின்று, லண்டனுக்கு வந்திருந்த நரிந்தர் சிங் கபானி. இருவரும் மேற்கொண்ட வேலையின் கஷ்டம், கண்ணாடியை மயிரிழையிலும் மெல்லியதாக இழுப்பதோடு நிற்கவில்லை. கற்றையின் ஒரு முனையில் எந்த இழை எந்த இடத்தில் நிற்கின்றதோ, மறுமுனையிலும் அதே இழை அதே இடத்தில் நிற்க வேண்டும். தறியில் பாவு நூல்கள் வரிசை பிறழ்ந்தால் துணியின் சித்திரம் எவ்வாறு சிதைந்துபோகுமோ, அவ்வாறே இழைகள் முறை மாறினால் கண்ணுக்கு வருவது உருவமன்று, வெறும் ஒளிப்பொடி. ஒரே நீண்ட இழையைச் சுழலும் சட்டத்தில் சுற்றுச் சுற்றாக ஒழுங்குபடச் சுற்றி, ஓரிடத்தில் பசையிட்டு இறுக்கி, அவ்விடத்திலேயே வெட்டினால் இரு முனைகளும் ஒரே ஒழுங்கில் அமையும் என்ற உபாயத்தால் அவர்கள் அந்தச் சிரமத்தைக் கடந்தார்கள். 1954-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதியிட்ட 'நேச்சர்' சஞ்சிகையில் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது.

அதே இதழில், ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரப் பேராசிரியர் வான் ஹீல் எழுதிய சிறு குறிப்பொன்றும் இடம்பெற்றிருந்தது. அதனுள்ளே ஹாப்கின்ஸின் கற்றையிடத்து இருந்த பெருங்குறைக்கு மருந்தும் இருந்தது. ஹாப்கின்ஸின் இழைகள் வெறும் கண்ணாடி. இழையும் இழையும் தொடும் இடங்களில் எல்லாம் ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசிந்தது. விரல் பட்ட எண்ணெய்ப் பசையும் சிறு கீறலும்கூட ஒளியை வெளியேற்றின. வான் ஹீல், அமெரிக்க விஞ்ஞானி பிரையன் ஓப்ரையன் கூறிய யோசனையைப் பின்பற்றி, ஒவ்வொரு இழைக்கும், ஒளியை வளைக்கும் திறனைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் குறைந்த ஒரு மேலுறையை அளித்தார். அகப்பிரதிபலிப்பு நிகழும் எல்லை இதனால் உறைக்குள்ளே பத்திரமாக அடங்கிவிடுகின்றது. உறையில்லாத இழைக்கும் உறையுள்ள இழைக்கும் உள்ள வித்தியாசமே, ஆராய்ச்சிசாலைப் பொருளுக்கும் ஆஸ்பத்திரிக் கருவிக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தைக் கடந்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த தென்னாப்பிரிக்க வைத்தியர் பேஸில் ஹிர்ஷோவிட்ஸ் 'நேச்சர்' கட்டுரையைப் படித்து, லண்டனுக்கே வந்து ஹாப்கின்ஸையும் கபானியையும் கண்டு திரும்பினார். பௌதிக ஆசிரியர் வில்பர் பீட்டர்ஸும், இளநிலை மாணவர் லாரன்ஸ் கர்டிஸும் அவருக்குத் துணையாயினர். ஒளிவிலகல் எண் மிகுந்த கண்ணாடிக் கோலை, அவ்வெண் குறைந்த கண்ணாடிக் குழாயினுள் செருகி, இரண்டையும் ஒன்றாகவே உருக்கி இழுத்தால் உறையோடு கூடிய இழை தானே கிட்டும் என்று கர்டிஸ் எண்ணினார். மூத்தோர் நம்பவில்லை, அவர்கள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, 1956 டிசம்பரில் அந்த மாணவர் அதனைச் செய்து முடித்தார். 1957 பிப்ரவரியில் ஹிர்ஷோவிட்ஸ் தாம் அமைத்த வளையும் காஸ்ட்ரோஸ்கோப்பை முதலில் தாமே விழுங்கிப் பார்த்து, சில தினங்களுக்குள் நோயாளி ஒருவரிடத்தும் அதனைப் பிரயோகித்தார். 1960 முதல் அது விற்பனைக்கு வந்தது. பத்தாண்டுகளுக்குள் பழைய கருவி அருகிப்போயிற்று.

ஹாப்கின்ஸுக்கோ இங்கிலாந்தில் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தப் பொருளுதவி கிடைக்கவில்லை. கபானி 1955-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகருக்குச் சென்றுவிட்டார். கண்ணாடி இழையியலின் பெரும் பிரசாரகராக அவர் பின்னர் உலகறிய விளங்கினார். லண்டனில் விதைத்தது மிச்சிகனில் விளைந்ததைக் குறித்து ஆங்கிலேயர் பிற்காலத்தில் வருந்தியது உண்டு. ஹாப்கின்ஸின் மனமோ அதற்குள் வேறொரு வைத்தியரின் குறையில் ஈடுபட்டுவிட்டது.

லிவர்பூல் நகரத்து மூத்திரநோய் வைத்தியர் ஜேம்ஸ் கௌ என்பவர், மூத்திரப்பையின் உட்புறத்தைப் படம் பிடிக்க விரும்பினார். கட்டி ஒன்று சென்ற மாதம் எவ்வாறு இருந்தது, சிகிச்சைக்குப் பின் எவ்வாறு இருக்கின்றது என்பதை ஞாபகத்தை நம்பிச் சொல்வதைக் காட்டிலும் படத்தைக் கொண்டு சொல்வது எவ்வளவு மேல் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும், நிட்சேயின் மரபில் வந்த சிஸ்டோஸ்கோப்பின் வழியே வரும் ஒளி, பிலிமில் பதிவதற்குக் கொஞ்சமும் போதவில்லை. அவர் ஹாப்கின்ஸிடம் வந்தார். இழைக்கற்றையையே இங்கும் கையாளலாம் என்று ஹாப்கின்ஸ் சொல்லவில்லை; ஏனெனில் மூத்திரப்பைக்குச் செல்லும் வழியில் வளைய வேண்டிய அவசியம் சிறிதே, வேண்டியதோ மிகுந்த ஒளியும் நுட்பமான உருவமும். கற்றையில் வரும் உருவம் புள்ளிகளால் ஆனது. இழை ஒன்று ஒடிந்தால் அவ்விடத்தே கரும்புள்ளி நிற்கும். தாமே கண்டுபிடித்த பொருளாயினும் இடத்துக்குப் பொருந்தாதபோது அதனை ஒதுக்கிவைத்த இந்த விவேகத்தை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

பழைய குழாயினை அவர் முதலிலிருந்து ஆராய்ந்தார். அதில் பெரும்பகுதி காற்று. இடையிடையே மெல்லிய கண்ணாடி. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள லென்ஸுகளை அசையாமல் நிறுத்துவதற்காக, அவற்றின் இடையே மெல்லிய உட்குழாய்களைச் செருகியிருந்தார்கள். அவ்வுட்குழாயின் சுவர், ஏற்கனவே குறுகலான வழியை இன்னும் குறுக்கிற்று. அவ்வளவு சிறிய லென்ஸை விளிம்பில் பற்றித் தேய்ப்பதும் கடினம், சாயாமல் நிறுத்துவதும் கடினம்; சிறிது சாய்ந்தாலும் உருவம் கெடும். எண்பது ஆண்டுகளாக வினைஞர்கள் லென்ஸைத் திருத்த முயன்றார்களே ஒழிய, லென்ஸுகளுக்கு நடுவே கிடந்த வெற்றிடத்தை யாரும் ஒரு பொருளாக எண்ணவில்லை.

ஹாப்கின்ஸ் இரண்டையும் இடம் மாற்றினார். காற்று இருந்த நீண்ட இடங்களில் கண்ணாடிக் கோல்களை வைத்தார். கண்ணாடி இருந்த குறுகிய இடங்களில் காற்றை விட்டார். முனைகள் உரிய வளைவுடன் தேய்க்கப்பட்ட நீண்ட கோல்கள் வரிசையாக நிற்க, அவற்றின் நடுவே உள்ள சிறு காற்றிடைவெளிகள் லென்ஸின் தொழிலைச் செய்தன. 1959-இல் அவர் இதற்குக் காப்புரிமை கோரினார்.

பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இம்மாற்றத்தினால் விளைந்த பயன்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தகைய குழாய் ஒன்றின் வழியே செல்லக்கூடிய ஒளியின் அளவு, அதனுள் இருக்கும் ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றுக்கு அவ்வெண் 1. கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.5, ஆகவே காற்றைக் கண்ணாடியாக்கிய மாத்திரத்திலேயே ஒளி இரண்டேகால் மடங்காகின்றது. இரண்டாவதாக, அகலத்தைப் போலப் பல மடங்கு நீளமுள்ள கோல், குழாயினுள் தன் நீளத்தாலேயே நேராகப் படுத்துக்கொள்ளும். தாங்குவதற்கு உட்குழாய் வேண்டாம். அதனால் ஒளி செல்லும் வழி அகலமாகின்றது. இந்த அகலத்தின் மகிமை சாமானியமன்று: ஒளியின் அளவு விட்டத்தின் நான்காம் படியைத் தொடர்ந்து ஏறுவதால், விட்டம் காற்பங்கு கூடினால் ஒளி ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். இவ்விரண்டும் சேர்ந்தே ஐந்து மடங்குக்கு மேல் ஆயிற்று. மூன்றாவதாக, கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி பிரதிபலித்து வீணாவது இயற்கை. முப்பது பரப்புகள் இருப்பின் முடிவில் எஞ்சுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வீணானதில் ஒரு பகுதியோ திரும்பவும் சிதறி உருவத்தின் மேல் வெண்பனி படர்ந்தாற்போலச் செய்யும். நீண்ட கோலைக் கையில் பற்றி முனைகளைச் செவ்வனே தேய்த்து, அவற்றின்மேல் பிரதிபலிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சுகளைப் பல அடுக்காக இடுவது எளிதாயிற்று. உருவத்தில் கருமை கருமையாகவும் செம்மை செம்மையாகவும் தெரிந்தன. உருவத்தின் குறைகளை அலைக்கணிதத்தால் நீக்கும் வித்தையோ, ஹாப்கின்ஸுக்கு அதற்கு முன்பே கைவந்தது.

ஒளி இவ்வளவு பெருகியதால், வைத்தியர் விரும்பினால் வேறொரு லாபத்தையும் அடையலாம்: அதே பிரகாசத்தை இன்னும் மெல்லிய குழாயில் பெறலாம். குழந்தைகளின் மூத்திர வழியிலும் மூச்சுக் குழலிலும் செலுத்தக்கூடிய மெல்லிய கருவிகள் இவ்வழியாகவே பிறந்தன. முன்பு குழந்தையின் தொண்டையில் கடலையோ பொத்தானோ சிக்கிக்கொண்டால், அதனை எடுக்கப் புகுந்த வைத்தியர் பாதி பார்வையாலும் பாதி ஸ்பரிசத்தாலும் வேலை செய்தார். இக்கருவி வந்த பின் அவர் தெளிவாகக் கண்டு எடுத்தார். பிழைத்த குழந்தைகளின் பெற்றோர்களில் எத்தனை பேர் ஹாப்கின்ஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்?

இத்தனை குணங்கள் நிறைந்த கருவியைச் செய்து விற்பதற்குப் பிரிட்டனில் கம்பெனி ஒன்றும் மனமுவந்து முன்வரவில்லை. தென் ஜெர்மனியில் டுட்லிங்கன் என்னும் சிற்றூர் அறுவைக் கருவி வினைஞர்கள் பரம்பரையாக வாழும் ஊர். அங்கே 1945-இல் தொழில் தொடங்கிய கார்ல் ஸ்டோர்ஸ் 1965-இல் ஹாப்கின்ஸுடன் கைகோத்தார். இந்தச் சேர்க்கை பொருத்தமாக அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. குழாய் நுனியில் இருந்த பல்பு உறுப்பைச் சுடும். சில சமயம் உள்ளே இருக்கும்போதே அணைந்துவிடும். அதன் வெளிச்சமும் சொற்பம். ஸ்டோர்ஸ் 1960-ஆம் ஆண்டிலேயே, பலத்த விளக்கைத் தேகத்துக்கு வெளியே வைத்து, அதன் ஒளியை மட்டும் கண்ணாடி இழைக்கற்றையின் வழியே உள்ளே செலுத்தும் ஏற்பாட்டைக் கண்டிருந்தார். சூடு வெளியிலேயே தங்கிவிடுவதால் அதற்குக் குளிர்ந்த ஒளி என்று பெயர் வழங்கிற்று. ஒளியை மட்டும் சுமக்கும் கற்றையில் இழைகள் ஒழுங்கு பிறழ்ந்து நிற்பதால் யாதொரு நஷ்டமும் இல்லை. இவ்வாறு, 1967 முதல் டுட்லிங்கனில் உற்பத்தியான கருவியில், கபானியோடு சேர்ந்து ஹாப்கின்ஸ் ஆராய்ந்த இழைகள் வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோக, பின்னர் அவர் தனித்து வகுத்த கோல்கள் உருவத்தை வெளியே கொண்டுவந்தன.

அதே 1967-இல் ஹாப்கின்ஸ் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி ஏற்று, 1984 வரை அங்கே பணியாற்றினார். 1973-இல் ராயல் சொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. 1984-இல் ரம்ஃபோர்டு பதக்கத்தையும் வழங்கிற்று. 1994 அக்டோபரில் அவர் காலமானார். இழைக் கருவியின் கீர்த்தி பலரிடையே பங்கிடப்பட்டுவிட்டது. அது நியாயமுங்கூட, ஏனெனில் உறையைத் தந்தவர்கள் வேறு, கருவியாக்கியவர்கள் வேறு. கோல் லென்ஸோ தொடக்கம் முதல் கணக்கின் கடைசி இலக்கம் வரை அவருடையது. எக்ஸ் கதிரைச் சொல்லும்போது ரோண்ட்கெனைச் சொல்லும் நாம், வயிற்றில் சிறு துளையிட்டுப் பித்தப்பையை எடுக்கும் சிகிச்சையைச் சொல்லும்போது ஹாப்கின்ஸைச் சொல்லாதிருப்பது நன்றி கொன்ற செயல் என்றே எனக்குத் தோன்றுகின்றது. 1985-இல் ஜெர்மனியின் ப்யோப்ளிங்கன் நகரில் எரிக் ம்யூஹே, வயிற்றினுள் பார்க்கும் லாப்ராஸ்கோப்பின் துணையால் பித்தப்பையை அகற்றியதும், அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அம்முறை உலகெங்கும் பரவியதும், மங்கலான பழைய குழாயை நம்பி நடந்திருக்கக்கூடியவை அல்ல. ஒரு கைவிரல் கனத்துக் குழாயின் வழியே உதவியாளரும் செவிலியும் உடன்கண்டு பணிபுரியுமளவு தெளிவான உருவம் திரையில் விழுந்ததனாலேதான் அந்தப் பரவல் சாத்தியமாயிற்று.

திரையில் விழச் செய்தது காமிரா. கோல் லென்ஸின் கண்பக்கத்து முனையில் காமிராவைப் பொருத்திய காலத்திலேயே, அமெரிக்காவின் வெல்ச் ஆலின் கம்பெனி 1983-இல் மற்றொரு வழியைத் திறந்தது: ஒளியை உணரும் சிலிக்கான் சில்லு ஒன்றை உடலினுள் பார்க்கும் வளையும் கருவியான எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே அமைத்து, உருவத்தை இழைகளுக்குப் பதிலாக மின்கம்பியின் வழியே வெளிக்கொணர்ந்தது. இழைக்கற்றை அதனோடு மெல்ல மெல்லப் பின்வாங்கலாயிற்று. விறைப்பான கருவிகளில் கோல் லென்ஸ் தன் இடத்தை விடவில்லை. அந்தச் சில்லு சுருங்கிச் சுருங்கி, விழுங்கும் மாத்திரை ஒன்றினுள் அடங்கிய வரலாற்றை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.